முலூஸ் ஆலைக்குள் 400 கார்கள்: சேகரிப்பு எந்த இடத்தில் பதுக்கலாகிறது?

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து ஒரு சரக்கு ரயில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை நோக்கித் தெற்கே புறப்பட்டது. மேல்மூடி இல்லாத தட்டைப் பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக 30 கார்கள். அத்தனையும் பிரான்சில் செய்யப்பட்ட புகாட்டி என்ற அரிய கார்கள். கப்பலேறி பிரான்சுக்குப் போவதற்காக அவை கிளம்பின.

அந்தக் கார்கள் அதுவரை எப்படிக் கிடந்தன என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. வாங்கும் தரப்புக்காக ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை அனுப்பினார். மண் தரை. உடைந்த ஜன்னல்கள். ஒழுகும் கூரை. உள்ளே கூடு கட்டியிருந்த பறவைகள். ஒவ்வொரு காரிலும் ஏதாவது ஒரு பழுது, ஒன்றரை ஆண்டாக எதுவும் ஓடவில்லை. உரிமையாளர் ஜான் ஷேக்ஸ்பியர் புகாட்டிமீது உயிரையே வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர் வீட்டில்தான் இந்த நிலை. பேரம் 85,000 டாலருக்கு முடிந்தது. சராசரியாக ஒரு கார் மூவாயிரம் டாலர்கூட வரவில்லை.

வாங்கியவர் ஃப்ரிட்ஸ் ஷ்லும்ஃப், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கம்பளி நூற்பாலைகள் வைத்திருந்தவர். கார்களைப் பழுது பார்ப்பதற்கென்றே தச்சர்கள், தோல் வேலைக்காரர்கள், கைதேர்ந்த மெக்கானிக்குகள் என 40 பேர் வரை வேலைக்கு வைத்திருந்தார்.

இந்த இருவரில் யார் சேகரிப்பாளர், யார் கண்டதையும் குவித்தவர் என்று அன்று கேட்டிருந்தால் யாருமே யோசித்திருக்க மாட்டார்கள். கூரை ஒழுகிய இடம் குவியல், மெக்கானிக் இருந்த இடம் சேகரிப்பு. 13 ஆண்டுகளில் அந்தப் பதில் தலைகீழானது. பழைய கார்களை நேசிக்கிற எவரும் இந்த வழக்கை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணன், தம்பி, அம்மா

ஹான்ஸ் ஷ்லும்ஃப் 1904இல் பிறந்தார், தம்பி ஃப்ரிட்ஸ் 1906இல். இருவரும் பிறந்தது இத்தாலியில். அப்பா சுவிஸ்காரர், அம்மா அல்சாஸின் முலூஸ் நகரத்துப் பெண். குடும்பம் முலூஸுக்கே வந்து சேர்ந்தது. அண்ணன் வங்கியில் வேலை பார்த்தார், தம்பி கம்பளி வியாபாரத்தில் இறங்கினார். 1935இல் இருவரும் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள். மால்மெர்ஸ்பாக் என்ற சிற்றூரின் நூற்பாலை கைக்கு வந்தது. போருக்குப் பிறகு அக்கம்பக்கத்து ஆலைகளும் ஒவ்வொன்றாக வந்தன. 1957இல் முலூஸ் நகரத்துக்குள்ளேயே ஒரு பழைய ஆலைக் கட்டடத்தை வாங்கினார்கள். இந்தக் கதை நடப்பது அந்தக் கட்டடத்தில்தான்.

ஃப்ரிட்ஸ் இளைஞராக இருக்கும்போதே ஒரு புகாட்டி வாங்கி ஓட்டியவர். புகாட்டி ஆலை இருந்த மோல்ஸைமும் அதே அல்சாஸில்தான் இருக்கிறது. அவருக்கு அது சொந்த மண்ணின் கார். 1939இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய எட்டோரே புகாட்டியின் மகன் ஜான் சோதனை ஓட்டத்தில் விபத்தில் இறந்தார். 1947இல் எட்டோரேயும் போனார். அதன்பின் அந்த நிறுவனம் எழுந்திருக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க அவர்கள் செய்தது ஏறத்தாழ 8,000 கார்கள்தான். 1950களில் அவை வெறும் பழைய வண்டிகள். உதிரிபாகம் கிடைக்காது, ஓட்டத் தெரிந்தவர் குறைவு, எடைக்குப் போட்டால் கேட்பாரில்லை. அந்தச் சமயத்தில் அவற்றைத் தேடித் தேடி வாங்கியவர் ஃப்ரிட்ஸ். இதை மறந்துவிட்டு அவரைத் தீர்ப்பது நியாயமாகாது.

அவர் வாங்கிய விதம்தான் கவனிக்க வேண்டியது. பொதுவாகச் சேகரிப்பவர் ஒரு காரைப் பார்ப்பார், ஆசைப்படுவார், தூக்கம் கெடும், அப்புறம் வாங்குவார். ஃப்ரிட்ஸ் 1960களின் தொடக்கத்திலிருந்து மொத்தமாக அள்ளினார். பந்தயக் கார்கள் செய்த கோர்டினியிடமிருந்து அவருடைய கார்கள் வந்தன. 1963இல் மோல்ஸைம் ஆலையிலேயே மிஞ்சியிருந்த கார்களையும் வாங்கினார். எட்டோரே தனக்கென்று வைத்திருந்த ‘கூபே நெப்போலியன்’ என்ற ரொயால் ரகக் கார் அப்படித்தான் வந்தது. மறு ஆண்டு இல்லினாயின் 30 வந்து இறங்கின. அந்த 30இலும் ஒரு ரொயால் இருந்தது.

ரொயால் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மன்னர்களுக்கு விற்பதற்காக எட்டோரே வடிவமைத்த கார் அது. எஞ்சின் மட்டும் 12.7 லிட்டர், ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர்கள். ஆறே ஆறு வண்டிகள்தான் செய்யப்பட்டன, ஒரு மன்னரும் வாங்கவில்லை. ரேடியேட்டர் மூடியின்மேல் பின்னங்கால்களை ஊன்றி, தும்பிக்கையை உயர்த்தி நிமிர்ந்து நிற்கும் ஒரு வெள்ளி யானை. எட்டோரேயின் தம்பி ரெம்ப்ராண்ட், விலங்குச் சிற்பங்களுக்குப் பேர்போனவர், 1916இல் இறந்துபோனார். அவர் வடித்த யானையைத்தான் அண்ணன் தன் மிகப் பெரிய காரின் நெற்றியில் வைத்தார். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வோமே, அது இந்தக் காருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். உலகத்தில் இருந்த ஆறில் இரண்டு ஃப்ரிட்ஸின் கொட்டிலில் நின்றன.

கார் நின்றாலும் தின்னும்

காரை ஓட்டாமல் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டறைப் பக்கம் பழகியவர்களுக்கு உண்மை தெரியும். பெட்ரோல் நாள்பட்டால் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். ஒரே இடத்தில் எடை தாங்கிய டயர் அந்த இடத்தில் தட்டையாகிப் போகும். எண்ணெய் வடிந்து காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் வளையங்கள் துருவேறி ஒட்டிக்கொள்ளும், அதன்பின் கிராங்கைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் அசையாது. எலி ஒயரைக் கடிக்கும், சீட்டுப் பஞ்சுக்குள் குட்டி போடும்.

ஒரு காருக்கு மாதம் அரை நாள் வேலை என்று குறைத்தே வைப்போம். 400 கார்களுக்கு 200 ஆள்நாள் ஆகிறது. எட்டுப் பேர் மாதம் முழுக்க வேறு எதையும் தொடாமல் இதையே பார்க்க வேண்டும். அதுவும் இருக்கிற நிலையைக் காப்பாற்றுவதற்கு மட்டும். சிதைந்ததைச் சீர் செய்வது தனிக் கணக்கு. நாற்பது பேரை வேலைக்கு வைத்த ஃப்ரிட்ஸுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வேலை நடந்த இடத்தை அவர் அலங்கரித்த விதம் இன்றும் பார்ப்பவர்களை வாயடைக்க வைக்கிறது. ஏறத்தாழ 17,000 சதுர மீட்டர். பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் உள்ள விளக்குக் கம்பங்களை அப்படியே நகலெடுத்து, 800க்கு மேல் வரிசை வரிசையாக நட்டார். நடுவே வீதிகள் போலப் பாதைகள், இரண்டு பக்கமும் கார்கள். உணவகங்களும் கட்டினார். மண்டபம் முழுவதையும் 1957இல் இறந்த தன் தாய்க்குக் காணிக்கையாக்கினார்.

எல்லாம் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. வேலை செய்த 40 பேரிடமும் வெளியே பேசக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. அருங்காட்சியகம் என்ற பெயரில் கட்டிய மண்டபத்தின் கதவு பொதுமக்களுக்கு ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஏதோ தவறு நடக்கிறது என்பதன் முதல் அடையாளமாக எனக்குப் படுவது இந்தப் பூட்டிய கதவுதான். நல்ல சேகரிப்பாளருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. ஒரு பழைய கொம்பு ஹாரன் கிடைத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அமுக்கிக் காட்டுவார்.

1977, மார்ச் 7

1970களில் ஐரோப்பாவின் நெசவுத் தொழில் சரிந்தது. செயற்கை இழை வந்தது, வெளிநாட்டு மலிவு நூல் வந்தது. அல்சாஸின் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடின. 1976இல் ஷ்லும்ஃப் ஆலைகளில் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் வெடித்தன. சகோதரர்கள் எல்லை தாண்டி, கூப்பிடு தூரத்தில் இருந்த சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

1977 மார்ச் 7 அன்று தொழிலாளர்கள் முலூஸ் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டே விரல் காய்த்தவர்கள், ஆலையில் காசில்லை என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், அவர்கள் கண்முன் பாரிஸ் பாலத்தின் விளக்குகள். அவற்றின் கீழே கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நீலமும் கறுப்புமாகப் பளபளக்கும் கார்கள். நூற்றுக்கு மேற்பட்டவை புகாட்டி மட்டுமே. தங்கள் கூலி எங்கே போனது என்ற கேள்விக்கு அன்று அவர்களுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழுது பார்க்காமல் கிடந்த ஆஸ்டின் செவன் ஒன்றைக் கொளுத்தினார்கள். இன்னும் 600 இருக்கின்றன என்று தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டடத்துக்குத் ‘தொழிலாளர் ஆலை’ என்று புதுப் பெயர் வைத்தார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். 1979 வரை, இரண்டு ஆண்டுகள், அவர்களே காவல் இருந்தார்கள், அவர்களே ஊர் மக்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அந்தக் காலத்தில் வந்து பார்த்தவர்கள் ஏறக்குறைய 8 லட்சம் பேர் என்கிறார்கள். அந்தக் கார்களைப் பொதுச் சொத்தாக முதலில் நடத்தியது வேலை இழந்தவர்கள். இந்த வழக்கை எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நெஞ்சு கனத்துவிடுகிறது.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் கார்களைத் தனித்தனியே விற்கச் சொன்னார்கள். 1978இல் பிரெஞ்சு அரசு மொத்தத்தையும் வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததால் சிதறாமல் தப்பியது. 1981இல் முலூஸ் நகரமும் அல்சாஸ் வட்டாரமும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்த ஒரு சங்கம் 4.4 கோடி ஃபிராங்குக்கு வாங்கியது. 1982இல் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தது. நிறுவனப் பணம் கார்களுக்குத் திருப்பிவிடப்பட்டது என்ற குற்றச்சாட்டும், உரிய விலை தராமல் பறித்துவிட்டார்கள் என்ற சகோதரர்களின் வாதமும் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இழுத்தன. ஹான்ஸ் 1989இல் இறந்தார், ஃப்ரிட்ஸ் 1992இல்.

மருத்துவக் கையேட்டில் இல்லாத கேள்வி

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பொருள் குவிப்பைத் தனி நோயாகக் குறித்தது. மதிப்பு இருக்கிறதோ இல்லையோ எதையும் விட முடியாமை, வீட்டின் அறைகள் புழங்க முடியாதபடி நிரம்பிப்போதல், அதனால் வரும் துன்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒழுங்காக, வகை பிரித்து, திட்டத்தோடு சேர்ப்பவரை அது நோயாளி என்று சொல்வதில்லை.

அந்த அளவுகோலை முலூஸ் மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். தூசி இல்லை. வரிசை தப்பவில்லை. எதுவும் எதன்மேலும் சாயவில்லை. ஃப்ரிட்ஸுக்கு நோய் இருந்தது என்று சொல்ல நான் மருத்துவனும் இல்லை, அது என் நோக்கமும் இல்லை. ஒழுங்கு மட்டுமே சேகரிப்பின் சான்று என்றால் இந்த வழக்கில் அந்தச் சான்று நம்மை ஏமாற்றிவிடுகிறது. அதுதான் என் கவலை.

இங்கே தமிழ் கைகொடுக்கிறது. நமக்குக் குவிப்பு என்பது வேறு, பதுக்கல் என்பது வேறு. குவிப்பவர் தன் இடத்தைக் கெடுத்துக்கொள்கிறார். பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் ரேஷன் அரிசி மூட்டையும் பூட்டிய கிடங்கும் நினைவுக்கு வரும். அதில் இன்னொருவர் வயிறு சம்பந்தப்பட்டிருக்கிறது. முலூஸில் நடந்ததை நான் பதுக்கல் என்றுதான் சொல்வேன். கார்கள் நன்றாக இருந்தன. அவற்றின் தீனிக்கு விலை கொடுத்தது யார் என்பதில்தான் கோடு தாண்டப்பட்டது.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில் உண்டு. ரே லாம்ப்ரெக்ட்டும் மனைவி மில்ட்ரெட்டும் 1946 முதல் 1996 வரை அங்கே ஷெவர்லே கார்கள் விற்றார்கள். புது வண்டி வாங்க வந்தவர்கள் மாற்றாகக் கொடுத்த பழைய வண்டிகளை ரே விற்கவில்லை, வயலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆண்டு முடிந்தும் விற்காத புது வண்டிகளையும் கிடங்கில் ஏற்றினார். 2013 செப்டம்பரில் ஏலம் விட்டபோது சுமார் 500 வண்டிகள், அவற்றில் 50 போல 20 மைலுக்குள் ஓடியவை. 1958ஆம் ஆண்டு கேமியோ பிக்கப் ஒன்று 1.3 மைல் மட்டுமே ஓடியிருந்தது, 1,40,000 டாலருக்குப் போனது. அதன் கூரையில் ஒரு நசுங்கல், முன்கண்ணாடியிலும் சேதம். கிடங்கின் கூரை அதன்மேல் இறங்கியதால் வந்தவை. ஓட்டாமல் வைத்தும் அடிபட்ட புது வண்டி. வயலில் நின்றவற்றின் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு மரங்கள் வளர்ந்திருந்தன. இதைச் சேகரிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் பதுக்கல் என்றும் சொல்ல மாட்டேன். யார் கூலியும் அங்கே நிற்கவில்லை. விலை கொடுத்தவை வண்டிகள் மட்டுமே.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் பிரான்சின் ரோஜே பையோன். லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். 1950களிலிருந்து அருங்காட்சியகம் அமைக்கும் கனவோடு கார்களை வாங்கினார். 1970களில் தொழில் நொடித்தது, ஒரு பகுதியை விற்றார், மீதி தகரக் கொட்டகைகளில் நின்றுவிட்டன. 2014இல் ஏல நிறுவனத்தார் போய்ப் பார்த்தபோது ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. காரைப் பற்றிய பத்திரிகையைச் சேர்த்து வைக்கும் ஆசையும் காரைச் சேர்த்து வைக்கும் ஆசையும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருந்ததைப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் அந்த ஒரு கார் மட்டும் 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது.

இந்த ஏலங்களால் ஒரு கெடுதல் நடந்திருக்கிறது. கொட்டகையில் விட்டுவைத்தால் பொன்னாகும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. தூசியைத் துடைக்காமலே ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், தூசிக்கும் சேர்த்து விலை கிடைக்கிறது. 1987இல் லண்டனில் ஒரு ரொயால் 55 லட்சம் பவுண்டுக்கு விற்றதைக் கேட்டவர்களுக்கு ஃப்ரிட்ஸ் வாங்கிய விலை கனவு போலத் தெரியும். ஆனால் பையோனின் கொட்டகையில் அந்த ஃபெராரி தப்பியது, பக்கத்தில் இருந்தவற்றில் பல எலும்புக்கூடாகிப் போயின. அந்த எலும்புக்கூடுகளின் படத்தையும் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டும்.

பலகை, விளக்கு, ரேடியேட்டர் மூடி, விற்பனைக் கையேடு என்று சின்னப் பொருள்கள் சேர்ப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். தீனி குறைவுதான். இருந்தாலும் காகிதத்துக்கு ஈரம் எமன். ஒரு கையேட்டை எடுக்க பத்துப் பெட்டியை இறக்க வேண்டியிருக்கிறது என்றால் அது கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஃப்ரிட்ஸிடம் இன்னொரு பகுதியும் இருந்தது. மண்டபத்துக்கு வராமல் மால்மெர்ஸ்பாக்கில் பழுது பார்க்காமலே கிடந்த 62 கார்கள். நாற்பது பேர் வைத்திருந்தும் அவர் கை எட்டாத கார்கள். அவர் மனைவியிடமிருந்து 2008இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லினுக்குப் போயின. அவர் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் தன் அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றைத் துருவோடும் கிழிந்த இருக்கையோடும் அப்படியே காட்சிக்கு வைத்தார். மல்லின் 2023இல் இறந்தார், மறு ஆண்டு அந்த அருங்காட்சியகமும் மூடப்பட்டது.

முலூஸ் மண்டபம் இருக்கிறது. வாசலில் ஷ்லும்ஃப் பெயரும் இருக்கிறது, 1989இல் சேர்த்தார்கள். பாலத்து விளக்குகள் எரிகின்றன. கூபே நெப்போலியன் தன் நெற்றியில் ரெம்ப்ராண்டின் யானையோடு நிற்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய் அதன் பக்கத்தில் நிற்கலாம்.